படகுத்துறை அடிமண் கண்காணிப்பு: எண் தாறுமாறாக வந்தால் எங்கே தேடுவது

சின்னப் படகுத்துறை ஒன்றின் அடிமண்ணை வருடத்துக்கு ஓரிரு தடவை எடுத்துச் சோதிக்கிறீர்கள், செப்பு, ஈயம், நாகம் என்று அட்டவணை வருகிறது, திடீரென்று ஒரு எண் இரட்டிப்பாகிறது அல்லது பாதியாகிறது. உடனே யார் எதைக் கொட்டினார்கள் என்று விசாரிக்கக் கிளம்புவதுதான் வழக்கம். என்னைக் கேட்டால் முதலில் மாதிரியைச் சந்தேகியுங்கள், அப்புறம் ஆய்வுகூடத்தை, கடைசியில்தான் துறையை. ஏனென்றால் ஆழப்படுத்தும்போது அள்ளும் சேற்றைக் கடலில் கொட்டலாமா, கரையில் தனியாக அடைத்து வைக்க வேண்டுமா என்று முடிவெடுப்பது இந்த எண்களை வைத்துத்தான். எண் பொய்யாகக் குறைந்தால் நஞ்சுள்ள சேறு மீனவர் வலை போடும் இடத்துக்குப் போகும். பொய்யாகக் கூடினால் செலவுக்குப் பயந்து வேலையே நின்றுபோகும், சேறு அங்கேயே கிடக்கும்.

கொழும்புப் பக்கத்தை நினைத்துத்தான் எழுதுகிறேன்: பொல்கொட வாவியின் படகுக் கழக இறங்குதுறைகள், பேர வாவி, துறைமுக நகரத்தில் திட்டமிட்டிருக்கும் மரீனா, இப்படி. பெரிய துறைமுகத்துக்கான வழிகாட்டிகளை அப்படியே இங்கே போட்டால் சரிவராது. இடம் சின்னது, பத்து மீட்டர் நகர்ந்தாலே வேறு மண்.

கிராப் வெறுமையாக வருகிறது, அல்லது வாய் மூடாமல் வருகிறது

கிராப் என்பது கயிற்றில் இறக்கி அடிமண்ணைக் கவ்வி எடுக்கும் கருவி. அதன் வாயில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். தேங்காய் மட்டை, கயிற்றுத் துண்டு, லஞ்ச்ஷீட், சோடாப் போத்தல் எல்லாம் அடியில் கிடக்கும். ஒரு சின்னக் குச்சி போதும், மேலே தூக்கும் வழியிலேயே மென்சேறு முழுக்கக் கழுவுப்பட்டுப் போய்விடும். "பரவாயில்லை, பாதி இருக்கிறதே" என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். போன பாதிதான் உலோகம் ஒட்டியிருக்கும் பாதி.

எதுவும் சிக்காமலே வெறுமையாக வந்தால் அடி கெட்டி மணலாக இருக்கலாம், கிராப்புக்குப் பாரம் போதாமல் இருக்கலாம், அல்லது படகு ஆடி, கயிறு சரிந்து, அடியைத் தொடுமுன்பே கொக்கி விடுபட்டிருக்கலாம். கயிறு நேராக நிற்கும்வரை பொறுங்கள். கடைசி ஒரு மீட்டரை மெதுவாக இறக்குங்கள். வேகமாக விட்டால் கிராப் தனக்கு முன்னால் தள்ளும் நீரே மேலே கிடக்கும் பஞ்சு போன்ற புதுப்படிவை ஊதித் தள்ளிவிடும். சேறு மிக இளக்கமாக இருந்தால் நேர்மாறான தொல்லை: கிராப் மூழ்கிப்போய் மேல்மூடி வழியாகச் சேறு பிதுங்கும். அப்போது மேற்பரப்பு எது என்றே தெரியாது, மாதிரி வீண். பாரத்தைக் கழற்றுங்கள், அல்லது சேற்றுக்குள் குழாயைச் செருகி எடுக்கும் குழாய் மாதிரிக்கு மாறுங்கள்.

ஏற்கத்தக்க மாதிரி என்றால் வாய் முழுதாக மூடியிருக்க வேண்டும், சேற்றுக்கு மேல் கொஞ்சம் நீர் கலங்காமல் நிற்க வேண்டும், மேற்பரப்பு உடையாமல் இருக்க வேண்டும், சேறாக இருந்தால் 10 சென்டிமீட்டராவது ஆழம் போயிருக்க வேண்டும். சரிவராவிட்டால் சில மீட்டர் தள்ளி எடுங்கள், தள்ளி எடுத்ததை எழுதியும் வையுங்கள்.

போன முறையைவிடச் செப்பு இரண்டு மடங்கு

அதிகம் குழப்புவது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

முதலில் துணிக்கைப் பருமனைப் பாருங்கள். 63 மைக்ரோமீட்டருக்குக் கீழே இருப்பது சேறு, மேலே மணல். உலோகம் ஒட்டுவது பெரும்பாலும் அந்தச் சேற்றில்தான், மணல் வெறுமனே எடையைக் கூட்டும். ஒரு கணக்குக்கு, முதல் தடவை மாதிரியில் சேறு 30 சதவீதம், செப்பு கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை சேறு 75 சதவீதம், செப்பு 95. அட்டவணையில் பார்த்தால் பயமாக இருக்கும். சேற்றுப் பங்கால் வகுத்துப் பாருங்கள்: 133, 127. ஒன்றுமே மாறவில்லை, இரண்டாம் தடவை சேறு கூடுதலான இடத்தில் கிராப் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். மணலில் உலோகமே இல்லை என்று எடுத்துக்கொள்வதால் இது கரடுமுரடான கணக்கு. ஆனால் துணிக்கைப் பருமன் கேட்காமல் உலோகம் மட்டும் கேட்டுச் செய்யும் கண்காணிப்பு காசை வாவிக்குள் எறிவதுதான் என்பதைப் புரியவைக்க இது போதும்.

ஒழுங்காகச் செய்வதென்றால் ஈரமாகவே 63 மைக்ரோமீட்டர் சல்லடையில் வடித்து, கீழே விழுந்ததை மட்டும் சோதிக்கக் கொடுக்கலாம், அல்லது சேற்றின் களியோடு சேர்ந்தே கூடிக்குறையும் அலுமினியத்தையும் அளந்து செப்பு–அலுமினிய விகிதத்தைப் பார்க்கலாம். நம் பக்கத்தில் ஒரு கவனம் வேண்டும். மேல் மாகாணம் முழுக்க செம்பூரான் கல்லும் செம்மண்ணும், அதாவது இரும்பும் அலுமினியமும் நிறைந்த மண். பெருமழைக்குப் பிறகு அந்தச் செந்நிறக் களி வாவிக்குள் இறங்கினால் அலுமினியம் தன்பாட்டில் கூடும், விகிதம் குறையும், துறை சுத்தமாகிவிட்டது போலத் தெரியும். சுத்தமாகவில்லை, மேலே புதுப்போர்வை ஒன்று விழுந்திருக்கிறது.

சல்லடை என்றதும் இன்னொன்று. ஆய்வுகூடங்களில் பித்தளைச் சல்லடை சாதாரணம். பித்தளை என்றால் செப்பும் நாகமும், நீங்கள் அளக்கப்போகும் அதே இரண்டு உலோகங்கள். நைலோன் சல்லடை கேளுங்கள். நாகப்பூச்சுப் பூசிய இரும்புக் கிராப்பும் இப்படித்தான்: ஓரத்தில் பட்ட சேற்றை விட்டுவிட்டு, நடுவிலிருந்து பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள்.

துணிக்கைப் பருமன் அதேதான், சல்லடையும் சரி, ஆனாலும் செப்பு ஏறியிருக்கிறதா? அப்போது வண்ணப்பூச்சுச் செதிலைத் தேடுங்கள். படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் பூசும் வண்ணத்தில் செப்பு ஒட்சைட்டு ஏராளம். காய்ந்த பூச்சில் 30 சதவீதம் செப்பு என்று வையுங்கள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற 0.1 மில்லிகிராம் செதில் ஒன்று அரை கிராம் மாதிரிக்குள் விழுந்தால் அந்த ஒன்றே கிலோவுக்கு 60 மில்லிகிராம் கூட்டிவிடும். ஒரே போத்தலிலிருந்து மூன்று பங்கு எடுத்துத் தனித்தனியாகச் சோதித்தால் இது பிடிபடும்: இரண்டு ஒத்துப்போய் ஒன்று மட்டும் எகிறினால் பெரும்பாலும் செதில்தான். மீதி மண்ணை நுணுக்குக்காட்டியின் கீழே பரப்பினால் சிவப்போ நீலமோ பளிச்சென்று தெரியும். ஆனால் "செதில்தானே" என்று அந்த எண்ணை அழித்துவிடாதீர்கள். படகைக் கரையேற்றிச் சுரண்டும் இடத்திலிருந்து கழிவு நேராக நீருக்குள் போகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. தார்ப்பாய் விரித்துச் சுரண்டச் சொல்லிக் கழகத்தைக் கேட்க அந்த ஒரு செதில் போதும்.

நாகம் மட்டும் தனியே ஏறினால் என்ஜினுக்கும் சுக்கானுக்கும் அரிப்பு வராமல் பொருத்தும் நாகக் கட்டிகளை நினையுங்கள். அவை கரைவதற்கென்றே வைப்பவை.

கடைசியாக இடம். கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். நல்ல நாளிலும் ஐந்து மீட்டர் வரை பிசகும். சின்னத் துறையில் அது படகு கட்டும் தூணுக்கும் நடுவழிக்கும் உள்ள வித்தியாசம். கரையில் மாறாத இரண்டு பொருட்களை, ஒரு மின்கம்பமும் ஒரு கட்டட மூலையும் என்று வையுங்கள், ஒரே கோட்டில் வரும்படி பார்த்து, இன்னொரு திசையிலும் அதேபோல ஒரு கோடு பிடித்து, இரண்டும் வெட்டும் இடத்தில் எடுங்கள். கடற்றொழிலாளர் காலங்காலமாகச் செய்வது இது. படகோட்டும் அண்ணனுக்கு ஒரு தடவை காட்டினால் அடுத்த முறை உங்களைவிடத் துல்லியமாக நிறுத்துவார்.

யாரும் பயன்படுத்தாத நஞ்சு அறிக்கையில் வருகிறது

டிரைபியூட்டைல்டின். கப்பல்களின் பாசித் தடுப்புப் பூச்சில் ஒருகாலத்தில் இருந்த வெள்ளீயச் சேர்மம். ஆர்காஷோன் குடாவில் சிப்பி வளர்ப்பு நாசமான பிறகு பிரான்சு 1982இலேயே சிறு படகுகளுக்கு இதைக் கட்டுப்படுத்தியது, உலகளாவிய தடை 2001இல் ஏற்கப்பட்டு 2008 செப்டெம்பர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. பிறகு எப்படி இப்போது வருகிறது? ஒட்சிசன் இல்லாத கருஞ்சேற்றுக்குள் அது சிதையப் பல ஆண்டுகள், சில இடங்களில் பத்தாண்டுகளுக்கு மேலும் பிடிக்கும். அண்மையில் அகழ்ந்தார்களா, பெரிய என்ஜின் படகு ஒன்று ஆழம் குறைந்த இடத்தில் திரும்பி அடியைக் கிளறியதா என்று விசாரியுங்கள். பழைய அடுக்கு மேலே வந்திருக்கலாம்.

இன்னொரு காரணம் நீங்களேதான்: போன முறை மேல் 2 சென்டிமீட்டரை எடுத்து, இந்த முறை 10 சென்டிமீட்டரையும் கலந்துவிட்டீர்களா? வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் படியும் துறையில் அது இரண்டு வருடக் கதைக்கும் பத்து வருடக் கதைக்கும் உள்ள தூரம். எத்தனை சென்டிமீட்டர் என்பதைப் போத்தலிலேயே எழுதுங்கள்.

அதன் சிதைவுப் பொருட்களான டைபியூட்டைல்டின், மோனோபியூட்டைல்டின் இரண்டையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். அவை அதிகமாக இருந்தால் பழைய சரக்கு என்று ஓரளவு நம்பலாம். தாய்ப்பொருளே மேலோங்கியிருந்தால் மட்டும் அவசரப்பட்டுப் புதுக்குற்றம் என்று எழுதாதீர்கள், கருஞ்சேற்றில் சிதையாமல் கிடந்த பழசும் அப்படித்தான் தெரியும்.

இரண்டு ஆய்வுகூடம், இரண்டு எண்

சண்டைக்குப் போகுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். உலர்ந்த எடைக்கா, ஈர எடைக்கா? 70 சதவீதம் நீர் உள்ள சேற்றில் உலர் எடைக்கு 100 என்பது ஈர எடைக்கு 30 ஆகிவிடும். என்ன அமிலம்? இராஜதிராவகத்தில் கரைத்தால் களிமக் கனிமங்களுக்குள் பூட்டிக்கிடக்கும் அலுமினியம் முழுக்க வெளியே வராது, ஐதரோபுளோரிக் அமிலம் சேர்த்தால் வரும். அதனால் ஒன்றின் விகிதத்தை மற்றதன் விகிதத்தோடு ஒப்பிடவே கூடாது. மூன்றாவது, சான்றிதழ் பெற்ற ஒப்பீட்டு மண்ணை, அதாவது உலோக அளவு முன்பே தெரிந்த மண்ணை, கூடவே ஓட்டினார்களா? கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் விற்கும் பாக்ஸ்–3 துறைமுகச் சேற்றில் செய்தது, நமக்குப் பொருத்தமானது. அதில் வந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இடத்துக்கு மாதிரி அனுப்பாதீர்கள்.

உப்பையும் மறக்க வேண்டாம். கடல்நீர் 70 சதவீதம் உள்ள சேற்றை உலர்த்தினால் உலர் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் வெறும் உப்பு. பொல்கொட மாதிரி, பாணந்துறை முகத்துவாரம் வழியே உவரும் மழையில் நன்னீருமாக மாறும் இடத்தில் இந்தப் பங்கு பருவத்துக்குப் பருவம் மாறும், செப்பு மாறாமலே எண் மாறும். உவர்த்தன்மையை அன்றே அளந்து வைத்தால் திருத்திக்கொள்ளலாம்.

எடுக்கும்போது கறுப்பு, போய்ச் சேரும்போது மண்ணிறம்

காற்றுப் பட்டுவிட்டது. கறுப்பு நிறம் இரும்புச் சல்பைட்டு, ஒட்சிசன் பட்டதும் அது மண்ணிறமாகும், அழுகிய முட்டை வாடையும் போய்விடும். மொத்த உலோகம் மட்டும் தேவையென்றால் பெரிய நட்டமில்லை. உயிரினங்களுக்கு எவ்வளவு உலோகம் எட்டும் என்று பார்க்கும் சல்பைட்டுச் சோதனை, மண் துணிக்கைகளுக்கிடையே உள்ள நீரைப் பார்க்கும் துளைநீர்ச் சோதனை இரண்டுக்கும் அந்த மாதிரி இனி உதவாது, திரும்பப் போய் எடுக்க வேண்டியதுதான்.

போத்தலை விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். உறையவைக்கப் போகும் கண்ணாடிப் போத்தலில் மட்டும் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். உலோகத்துக்குப் பிளாஸ்டிக், எண்ணெய், பூச்சிகொல்லி, வெள்ளீயச் சேர்மங்களுக்குக் கண்ணாடி. ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் நிறையப் போடுங்கள். மொரட்டுவையிலிருந்து காலி வீதி நெரிசலில் நகரத்துக்குள் வந்து சேருமுன் அரைப்பெட்டி ஐஸ் தண்ணீராகிவிடும், அந்தத் தண்ணீர் மூடிக்குள் ஏறாமல் ஒவ்வொரு போத்தலையும் பொலித்தீன் உறையில் கட்டுங்கள். 4 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமல் வந்தால் நல்லது.

கலங்கல் மானி நாளுக்கு நாள் ஏறுகிறது

அடிமண் கிளறப்படுவதை அளக்க நீருக்குள் தொங்கவிடும் ஒளிமானியைச் சொல்கிறேன். இங்கே நீர் வருடம் முழுக்க வெதுவெதுப்பு, சில நாட்களிலேயே கண்ணாடியில் வழுவழுப்புப் படியும், அப்புறம் சிப்பி. வரைபைப் பாருங்கள்: மழையோ படகோ கலக்கினால் கோடு சட்டென்று ஏறி, மெல்ல இறங்கும். அழுக்குப் படிந்தால் ஏறிக்கொண்டே போகும், கூடவே நடுங்கும். உறுதிப்படுத்த, ஒரு வாளி நீரில் கழுவுமுன் ஓர் அளவு, கழுவியபின் ஓர் அளவு. வித்தியாசம்தான் உங்கள் பிழை, இடைப்பட்ட நாட்களுக்கு அதைப் பங்கிட்டுக் கழிக்கலாம். துடைப்பான் உள்ள மானி வாங்க முடிந்தால் வாங்குங்கள். சிப்பி ஒட்டாமல் செப்புத் தகடு சுற்றினால் அதற்குக் கீழேயே செப்புக்கான மண்ணை எடுக்காதீர்கள்.

சனி, ஞாயிறு பின்னேரங்களில் மட்டும் முள் முள்ளாக ஏறினால் மானியில் ஒரு கோளாறும் இல்லை. அது படகு விசிறி.

ஆழம் கூடியிருக்கிறது, யாரும் தோண்டவில்லை

பெரும்பாலும் நீர்மட்டம்தான். கொழும்புக் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் திருத்தாமல் விடுகிறவர்கள் உண்டு, ஆனால் நீங்கள் தேடுவது 10, 20 சென்டிமீட்டர் படிவை என்றால் அந்தச் சின்ன வற்றுப்பெருக்கே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வாவியில் கடல் அட்டவணையும் உதவாது, மழையும் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்பதும்தான் மட்டத்தை முடிவுசெய்யும். இறங்குதுறைத் தூணில் அளவுக்கோடு ஒன்றை வண்ணத்தால் போட்டு, அளக்கத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் வாசித்து எழுதுங்கள்.

மட்டம் சரியென்றால் ஒலிமானியின் அதிர்வெண்ணைப் பாருங்கள். 200 கிலோஹேர்ட்ஸ் இளகிய சேற்றின் மேல்முகத்தைக் காட்டும், 30 கிலோஹேர்ட்ஸ் வாக்கில் உள்ளது அதை ஊடுருவிக் கீழே கெட்டியானதைக் காட்டும். ஈயக்குண்டுக் கயிறும் இளக்கத்துக்குள் மூழ்கும். கருவி மாறினால் ஆழமும் மாறும். கடல்வாயில் உள்ள துறையென்றால் பருவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி அலைகள் வாயில் மணலை நகர்த்தும், ஏப்ரல் அளவையையும் ஒக்டோபர் அளவையையும் நேருக்கு நேர் வைத்துப் "படிவு" என்று எழுதுவது நியாயமில்லை.

எல்லா மாதிரியிலும் பிளாஸ்டிக்

மண்ணே போடாமல் அதே படிகளில் ஓட்டிப் பார்க்கும் வெற்று மாதிரியிலும் இருந்தால் அது உங்கள் உடுப்பு நார். பருத்தி உடுத்துங்கள், மூடிவையுங்கள். சிறு வெள்ளை மணிகள் வந்தால் 2021 மே மாதம் எரிந்து ஜூனில் மூழ்கிய எக்ஸ்–பிரஸ் பேர்ள் கப்பல்தான் எல்லோர் நினைவிலும் வரும். பொலித்தீன் மணி மிதக்கும் பொருள், அடிச்சேற்றில் அது கிடைத்தால் ஏதோ படிந்து கனத்து இறங்கியிருக்கிறது. எரிந்த அடையாளம் உண்டா என்று பார்த்துப் படமெடுத்து வையுங்கள், மணியைக் கண்டதை வைத்து மட்டும் மூலத்தை எழுதாதீர்கள்.

எண்கள் எல்லாம் நல்லது, அடியில் ஒரு புழுகூட இல்லை

அமெரிக்கத் தரவில் உருவான அளவுகோல்களில் செப்புக்குக் கீழ் எல்லை (அதற்குக் கீழே தீங்கு அரிது) கிலோவுக்கு 34, மேல் எல்லை (அதற்கு மேலே தீங்கு அடிக்கடி) 270 மில்லிகிராம். 34க்குக் கீழே வந்தால் துறை நலம் என்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள். புழுவையும் சிப்பியையும் கொல்வது செப்பு மட்டுமல்ல. நீர் சுழலாத மூலையில் அழுகும் இலை, மலக்கழிவு, பாசி எல்லாம் சேர்ந்தால் ஒட்சிசன் தீர்ந்துபோகும், பேர வாவி போலப் பச்சை பிடித்த நீரின் அடியில் இது புதிதே அல்ல. அடியை ஒட்டிய நீரில் ஒட்சிசனை அளங்கள், அதுவும் விடியுமுன், பகலில் பாசி ஒட்சிசன் விடுவதால் நல்லபடியாகத்தான் தெரியும். ஒட்சிசன் இருந்தும் உயிரில்லை என்றால் நீங்கள் அளக்காத ஒன்றை நினையுங்கள்: செப்புப் பூச்சுகளில் துணைக்குச் சேர்த்த சைபியூட்ரின் போன்ற களைகொல்லிகள் பொதுப் பட்டியலில் இராது, 2023 ஜனவரியில்தான் அதன் புதுப்பூச்சுக்கு உலகளாவிய தடை வந்தது, கேட்டால்தான் அளப்பார்கள்.

எல்லையை அமெரிக்காவிலிருந்து எடுப்பதைவிட உங்கள் வாவியிலிருந்தே எடுப்பது மேல். குழாய் ஒன்றை ஆழமாக இறக்கி, என்ஜின் படகுகள் வருமுன் படிந்த அடுக்கில் செப்பு எவ்வளவு என்று பாருங்கள். ஒப்பிட வேண்டியது அதனோடுதான். அந்தக் குழாயின் மீதி மண்ணை உலர்த்தி, திகதியும் இடமும் ஆழமும் எழுதி, மூடி வையுங்கள். அடுத்த தடவை ஆய்வுகூடம் மாறும்போது பழையதையும் புதியதையும் ஒரே நாளில் ஒரே கருவியில் ஓட்டிப் பார்க்க அது வேண்டியிருக்கும்.